பார்க் பக்கத்துப் பழைய வீடு, உள்ளே எல்லாம் புதுசு: வாங்கலாமா?

கேள்வி இது: "நியூயார்க்கில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் புரூக்ளினில் பார்க் ஸ்லோப் என்ற பகுதியில் ஒரு பிரவுன்ஸ்டோன் (முகப்பில் பழுப்பு மணற்கல் பதித்த) வீடு பார்த்திருக்கிறார்கள். 1880களில் கட்டியது, நாலு தளம், பிராஸ்பெக்ட் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரம். முழுக்கப் புதுப்பித்தது, 4,500 சதுர அடி என்கிறது விளம்பரம். விலை 60 லட்சம் டாலர். இந்த விலை தகுமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அப்பா வாஸ்து வேறு கேட்கிறார்."

முதலில் அந்த 4,500 சதுர அடியைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பார்க் ஸ்லோப்பில் மனை பெரும்பாலும் 20 அடி அகலம், 100 அடி நீளம். வீட்டின் ஆழம் 45 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு தளம் 900 சதுர அடி. நாலு தளத்துக்கு 3,600. மீதி 900 எங்கிருந்து வந்தது? அநேகமாக நிலத்துக்கு அடியில் இருக்கும் செல்லாரிலிருந்து. நியூயார்க் நகர விதிப்படி, அறையின் உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் அது செல்லார். பாதியாவது மேலே இருந்தால் பேஸ்மென்ட். பேஸ்மென்டில் சில நிபந்தனைகளோடு குடியிருக்கலாம். செல்லாரில் துணி துவைக்கலாம், சாமான் போட்டு வைக்கலாம், டிரெட்மில் ஓடலாம்; படுக்கையறை என்று கணக்குக் காட்ட முடியாது. விளம்பரத்தில் அதையே 'கெஸ்ட் சூட்' என்று எழுதியிருந்தால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், இந்தக் கணக்கெல்லாம் சுவரின் வெளிப்புறம் வரை அளந்தது. உள்ளே போய் டேப் பிடித்தால் அகலம் 20 அடி வராது, அதைவிட ஒன்று ஒன்றரை அடி குறையும். இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று இரண்டு வீட்டை ஒப்பிடும்போது, செல்லாரைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

பழைய வீடுகளைத் திருத்திக் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மாதிரி இடத்தில் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி பூங்காவுக்கும் தெருவுக்கும் வீட்டின் முகப்புக்கும்தான். அவற்றை நகராட்சியும் சட்டமும் காவல் காக்கின்றன, சுலபத்தில் கெட்டுப்போகாது. விளம்பரத்தில் 'முழுக்கப் புதுப்பித்தது' என்று இருக்கிறதே, அது வீட்டின் உள்பக்கத்தைப் பற்றியது. அதைக் காப்பதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் உட்புறத்தையும் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க முடியும் என்றாலும், பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் இடங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. எனவே 140 வருடத்துக் கூடத்தை ஒரே வாரத்தில் உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றினாலும், கட்டட அனுமதி சரியாக இருந்தால் யாரும் தடுக்க முடியாது. உங்கள் அக்கா பார்க்கும் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

பூங்கா ஓரம் ஏன் இவ்வளவு விலை என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிராஸ்பெக்ட் பார்க்கை வடிவமைத்தவர்கள் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரும். மன்ஹாட்டனின் சென்ட்ரல் பார்க்கும் இவர்கள் கைவண்ணம்தான். 1861-இல் எக்பர்ட் வீலே போட்ட முதல் திட்டம் ஃபிளாட்புஷ் அவென்யூவின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. நடுவே ஒரு பெரிய சாலை ஓடினால் அது என்ன பூங்கா என்று வாக்ஸ் அதை மாற்றி, எல்லையைத் தெற்கும் மேற்குமாக இழுத்தார். மேற்கே இழுத்ததும் எட்வின் லிட்ச்ஃபீல்ட் என்ற ரயில்வே பணக்காரரின் நிலம் குறுக்கே வந்தது. அவர் அங்கே 1857-இலேயே ஒரு மாளிகை கட்டிக் குடியேறியிருந்தார். 1868-இல் அந்த நிலத்தை வாங்க 17 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பூங்கா முழுவதற்கும் நிலத்துக்கு ஆன செலவு சுமார் 40 லட்சம். அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல், பூங்காவின் பரப்பில் ஐந்து சதவீதம் சொச்சமே வரும் ஒரு துண்டுக்குப் போயிற்று. ஆக, மேற்கு ஓரத்துக்கு விலை கூடுதல் என்பது இன்று நேற்று வந்ததல்ல. லிட்ச்ஃபீல்டின் மாளிகை இன்னும் பூங்காவுக்குள் நிற்கிறது. நகரப் பூங்காத் துறையின் புரூக்ளின் அலுவலகம் அதில்தான் இயங்குகிறது.

பூங்கா 1867-இல் திறந்தது, இப்போது 526 ஏக்கர். 1883-இல் புரூக்ளின் பாலம் திறந்ததும் மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வீடு தேட ஆரம்பித்தார்கள். 1880களிலும் 90களிலும் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. ஒரே கட்டுநர் நாலைந்து வீடுகளைச் சேர்த்துக் கட்டி விற்பார். இன்றைய பில்டர்களைப் போலத்தான், லாபத்துக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் தனிக் கலைப்படைப்பு என்று தரகர் சொன்னால் அடுத்த வீட்டு வாசலையும் அதற்கடுத்த வீட்டு வாசலையும் ஒரு பார்வை பாருங்கள். மான்ட்கமரி பிளேஸ் மாதிரி சில தெருக்கள் விதிவிலக்கு. எட்டாவது அவென்யூவுக்கும் பூங்காவுக்கும் நடுவே ஒரே ஒரு பிளாக் நீளத் தெரு அது. அங்கே சி. பி. எச். கில்பர்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீடுகள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு முகம்.

நடுவில் இந்த ஊர் நொடித்தும் போனது. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பல வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1960 டிசம்பர் 16 அன்று வானத்தில் மோதிக்கொண்ட இரண்டு விமானங்களில் ஒன்று ஏழாவது அவென்யூவும் ஸ்டெர்லிங் பிளேஸும் சந்திக்கும் முனையில் விழுந்தது. இரண்டு விமானங்களில் இருந்தவர்களும் தெருவில் இருந்தவர்களுமாக 134 பேர் இறந்தார்கள். அறுபதுகளில்தான் நடுத்தர வர்க்கத்து இளம் தம்பதிகள் மலிவாகக் கிடைத்த இந்த வீடுகளை வாங்கித் தங்கள் கையாலேயே சீர்செய்யத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான எவரெட் ஆர்ட்னர் 1968-இல் பிரவுன்ஸ்டோன் மீட்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1966-இல், புரூக்ளின் யூனியன் கேஸ் நிறுவனம் பெர்க்லி பிளேஸில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை எடுத்துப் புதுப்பித்துக் காட்டியது. கேஸ் கம்பெனிக்கு வீட்டின் மேல் என்ன பாசம் என்று கேட்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரியாதல்லவா. 1973-இல் சுமார் 2,000 கட்டடங்கள் கொண்ட பகுதியை நகரச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் வரலாற்று மாவட்டமாக அறிவித்தது. 2012-லும் 2016-லும் எல்லையை விரிவாக்கினார்கள்.

அந்த அறிவிப்பின் பலனும் சுமையும் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்காரருக்கு உண்டு. தெருப்பக்கத்து ஜன்னல், கதவு, வாசல் படிக்கட்டு, இரும்புக் கிராதி, உச்சியில் துருத்தி நிற்கும் அலங்கார விளிம்பான கார்னிஸ், எதை மாற்றுவதானாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றவோ, இருக்கும் நிறத்தையே திரும்ப அடிக்கவோ தேவையில்லை. முகப்பில் பிளாஸ்டிக் ஜன்னல் போட முடியாது. எதிர்வீட்டுக்காரரும் போட முடியாது, உங்கள் தெரு அழகாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். அனுமதி வாங்காமல் முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றியிருந்தால், அந்த விதிமீறல் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வாங்கியவர் தலையில் விழும். அது தீராமல் அடுத்த வேலைக்கு அனுமதி வாங்குவதும் சிரமம்.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, காசும் செலவில்லை. வரி மதிப்பீட்டுக்காக 1939 முதல் 1941 வரை நகராட்சி ஒவ்வொரு கட்டடத்தையும் போட்டோ எடுத்தது. நகர ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. 1973-ஆம் வருட அறிவிப்பின் அறிக்கையும் கிடைக்கும். அதில் தெருவாரியாக வீடுகளைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். போட்டோவில் முதல் மாடிக்கு ஏறும் படிக்கட்டு இருக்கிறதா? பல வீடுகளில் அறைகளாகப் பிரித்த காலத்தில் படிக்கட்டை வெட்டி எடுத்துவிட்டு கீழே வாசல் வைத்தார்கள். இப்போது இருப்பது பழைய படிக்கட்டா, பின்னால் திரும்பக் கட்டியதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திரும்பக் கட்டியது குற்றமில்லை. அசல் என்று விலை சொன்னால்தான் குற்றம்.

இனி கல். பிரவுன்ஸ்டோன் என்றால் முழு வீடும் கல்லால் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். வீடு செங்கல், முகத்தில் மட்டும் சில அங்குலக் கனத்துக்குக் கல் பலகை. கனெக்டிகட் மாநிலத்துப் போர்ட்லண்ட் குவாரிகளிலிருந்து கப்பலில் நிறைய வந்தது. மென்மையான மணற்கல், இரும்புச் சத்து ஏறிய பழுப்பு நிறம். செதுக்க வசதி, அதே காரணத்தால் சீக்கிரம் உதிரும். ஆற்றுப்படுகையில் வண்டல் அடுக்கடுக்காகப் படிந்து உருவான கல் அது. அடுக்கு படுத்த வாக்கில் இருக்கும்படி சுவரில் வைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். கட்டுநர்களோ பெரிய பலகை கிடைக்கட்டும் என்று அடுக்கை நிமிர்த்தி, முகத்துக்கு இணையாக வைத்துவிட்டார்கள். தண்ணீர் இடுக்கில் இறங்கும், குளிர்காலத்தில் உறையும், உறைந்தால் பெருக்கும், மேல்தோல் ஏடு ஏடாக உரியும். புரூக்ளினில் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம்.

அந்தக் குவாரிகள் இப்போது இயங்கவில்லை. எனவே பழுது பார்ப்பதென்றால் பெரும்பாலும் உரிந்த கல்லை உறுதியான பகுதி வரை கொத்தி எடுத்துவிட்டு, அதே நிறத்தில் கலவை போட்டுப் பல பூச்சாகக் கட்டி எழுப்புவதுதான். நல்ல கொத்தனார் ஜன்னல் மேல் விளிம்பின் கோடுகளைக்கூடக் கூர்மையாகக் கொண்டுவருவார். சுமாரான வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஓரமாக நின்று முகப்பை நெடுக்காகப் பாருங்கள். விளிம்புகள் மொண்ணையாக, சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் இருக்கும். வீட்டு நிறம் முழுக்க ஒரே சீராக, சாக்லேட் பெயின்ட் அடித்தாற்போல் இருந்தால் பழுதை மறைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அனுமதி கிடைத்தால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தில் பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கிறது. பூங்காவை ஒட்டிய தெருவில் வெளிர் நிறச் சுண்ணக்கல் வீடுகளும் உண்டு, அவை பிற்பாடு, 1890களின் ரசனையில் வந்தவை. இந்தத் தொல்லை அவற்றுக்குக் குறைவு.

பின்பக்கச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். அது வெறும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. பழைய செங்கல் மென்மையானது. அதன் இடுக்குகளில் யாராவது கெட்டியான சிமென்ட் கலவையை அடைத்திருந்தால், ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வரும், செங்கல்லின் முகம் பொரிந்து விழும். பின்சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு உடனே ஒரு நெருடல் வரும்.

உள்ளே போகலாம். நம் அக்கிரகாரத்து வீடுகள் மாதிரிதான், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். மர உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் போகும். அதாவது தெருப்பக்கச் சுவரும் தோட்டப்பக்கச் சுவரும் தளத்தின் எடையைப் பெரிதாகத் தாங்குவதில்லை. பின்சுவரை மூன்று மாடி உயரத்துக்கு எடுத்துவிட்டுக் கண்ணாடி வைப்பது இப்போது பெரிய ஃபேஷன். அது சாத்தியமாவதும் இதனால்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாடிப்படிக்கு ஒட்டி நெடுக்காக ஒரு மரச்சட்டச் சுவர் ஓடும். அது வெறும் தடுப்பு மாதிரித் தெரியும். ஆனால் உத்தரங்களை நடுவில் தாங்கும் வேலையையும் அது பல வீடுகளில் செய்துகொண்டிருக்கும். தடுப்பில்லாத 'ஓப்பன் பிளான்' வேண்டும் என்று பார்லர் தளத்தில் (வாசல் படிக்கட்டு ஏறியதும் வரும் கூடத்துத் தளம்) அந்தச் சுவரை எடுத்துவிட்டு, பதிலுக்கு இரும்பு பீம் சரியாகக் கொடுக்காவிட்டால், மேலே உள்ள தளங்கள் மெல்ல மெல்லப் படிக்கட்டுப் பக்கமாகச் சரியும்.

பழைய வீட்டில் கொஞ்சம் சரிவு இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். புதிதாகப் போட்ட ஓக் தரையில் சரிவு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. கையில் ஒரு ரசமட்டம் எடுத்துப் போங்கள். மூன்றாம் தளத்தில், மாடிப்படிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வையுங்கள். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். தரையை மாற்றும்போது உத்தரங்களைத் தொடவே இல்லை. அல்லது தொட்டார்கள், அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது என்றால் வாங்காதீர்கள். மேலே உள்ள கதவுகள் நிலையில் உரசுகின்றனவா, புதுச் சுவரில் கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடுகிறதா என்பது கூடுதல் சாட்சி.

பார்லர் தளத்தில் முன்கூடத்துக்கும் பின்கூடத்துக்கும் நடுவே சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் தள்ளுகதவுகள் இருந்தால் வெளியே இழுத்துப் பாருங்கள். அந்தக் கதவு சத்தமில்லாமல் வந்து நடுவில் சந்தித்தால், இந்த வீட்டில் வேலை பார்த்தவர் பொறுமைசாலி. பல வீடுகளில் அது வரவே வராது. சுவரில் மின்வயர் இழுக்கும்போது ஆணி உள்ளே புகுந்து கதவைக் குத்தியிருக்கும், இல்லை என்றால் தரை உயர்ந்து அடி உரசும். அதேபோல் மேற்கூரை ஓரத்துப் பூவேலை. அசல் என்றால் மரச்சட்டத்தின் மேல் இழுத்த சுண்ணாம்புப் பூச்சு. தொட்டால் குளிர்ச்சியாகவும் கெட்டியாகவும் இருக்கும், மூலைகளில் கைவேலையின் சிறு கோணல் தெரியும். ஒட்டவைத்த ஃபோம் என்றால் எல்லா மூலையும் ஒரே அச்சு. கணப்புகளைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பளிங்கு மாடங்கள் பல அசல்தான், ஆனால் உள்ளே நிலக்கரிக்கான ஆழமில்லாத அடுப்புதான் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை, அடியிலிருந்து சூடான காற்று வரும் துவாரம் மட்டும். விறகு எரிக்கலாம் என்று தரகர் சொன்னால், புகைக்குழலுக்கு உறை போட்ட ரசீதைக் கேளுங்கள்.

ஏசி விஷயம் சின்னதுபோல் தெரியும். இந்த வீடுகள் நீராவி ரேடியேட்டரோ அடியிலிருந்து வரும் சூட்டுக் காற்றோ வைத்துக் கட்டியவை, குளிர்க்காற்றுக் குழாய்க்கு இடமே விடவில்லை. குழாயை எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்த்தாலே வேலையின் தரம் புரிந்துவிடும். அலமாரிகளுக்குப் பின்னால், படிக்கட்டு ஓரமாக ஒளித்துக் கொண்டுபோயிருந்தால் யாரோ யோசித்திருக்கிறார்கள். கூடத்து மேற்கூரையையே ஓரடி இறக்கி, ஜன்னல் மேல்விளிம்பை வெட்டியிருந்தால் பணம் போயும் வீடு கெட்டது. வெளி யூனிட் கூரையில் இருக்கும். தெருவிலிருந்து கண்ணில் படுகிறதா என்று ஆணையம் பார்க்கும், அதற்கும் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆவணங்கள். இதைத்தான் பெரும்பாலானவர்கள் வக்கீலிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் எல்லாம் பொதுவெளியில் கிடக்கிறது. கட்டடத் துறையின் தளத்தில் முகவரியைப் போட்டால் என்னென்ன வேலைக்கு அனுமதி வாங்கினார்கள், எது முடிந்து கையெழுத்தானது, எது பாதியில் நிற்கிறது என்று வரும். பத்திரப் பதிவுகள் ஏக்ரிஸ் என்ற தளத்தில் இருக்கின்றன. விற்பவர் எப்போது வாங்கினார், என்ன விலைக்கு என்று பாருங்கள். ஒன்றரை வருடம் முன்பு ஒரு கம்பெனி பெயரில் வாங்கி, இப்போது விற்கிறார்கள் என்றால் அது லாபத்துக்காகப் புதுப்பித்த வீடு. அதனாலேயே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து வருடம் குடியிருக்கத் திட்டமிட்டுச் செய்யும் வேலையும், ஆறு மாதத்தில் விற்கச் செய்யும் வேலையும் சுவருக்குள்ளே ஒன்றாக இருக்காது.

குடியிருப்புச் சான்றிதழைக் கேளுங்கள். 1938-க்கு முந்தைய வீடுகளுக்குச் சான்றிதழே இல்லாமல் இருக்கலாம், அது சகஜம். அதற்குப் பதில் கட்டடத் துறையிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கலாம். சான்றிதழ் இருந்து, அதில் இரண்டு குடும்பம் என்று போட்டிருந்து, இப்போது ஒரே வீடாக மாற்றியிருந்தால், மாற்றத்தைப் பதிவு செய்தார்களா என்று பாருங்கள். முன்பு அறை வாடகை வீடாக இருந்தது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட வீட்டை மாற்றிக் கட்ட, குடியிருந்தவர்களைத் துன்புறுத்தி வெளியேற்றவில்லை என்ற சான்று நகரத்திடம் வாங்கியிருக்க வேண்டும்.

செல்லாரைத் தோண்டி ஆழமாக்கியிருந்தால் அது தனிக் கதை. பொதுச்சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்ட வேண்டுமானால் சுவருக்கு அடியில் துண்டு துண்டாகப் புது அஸ்திவாரம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு இன்ஜினியர் வரைபடமும், வேலை நடக்கும்போது சிறப்பு ஆய்வும் கட்டாயம். பக்கத்து வீட்டில் கீறல் விழுந்தால் வழக்கு வரும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இங்கே வேலை நடந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். நான் பார்த்த வரையில் அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் சுருக்கமாகப் பதில் சொல்வதில்லை.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. பனியாறு விட்டுப்போன மேட்டில் பூங்கா இருக்கிறது; அங்கிருந்து நிலம் மேற்கே கோவானஸ் கால்வாய் வரை சரிந்து இறங்குகிறது. எனவே மேலே இருக்கும் வீட்டுக்கு வெள்ள பயம் குறைவு, நாலாவது அவென்யூ பக்கம் போகப் போகக் கூடும். 2023 செப்டம்பர் 29 மழையில் நாலாவது அவென்யூவில் வெள்ளம் ஓடியது. மழைநீரும் சாக்கடையும் பல இடங்களில் ஒரே குழாயில் ஓடும் ஊர் என்பதால், மேட்டு வீடானாலும் செல்லாரில் கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். செல்லாரில் கழிப்பறை இருந்தால் அது இல்லாமல் முடியாது. தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் இன்னும் ஈயமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மீட்டருக்கு அருகில் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளியாகப் பளபளத்து, எளிதில் குழிந்தால் ஈயம். லட்சக்கணக்கில் சமையலறைக்குச் செலவழித்துவிட்டு இந்தக் குழாயை மட்டும் விட்டுவைத்த வீடுகள் உண்டு.

செலவுக் கணக்கில் ஒன்று. 60 லட்சம் டாலர் வீட்டுக்கு, விலைக்கு மேலே 'மேன்ஷன் டாக்ஸ்' என்ற வரி வாங்குபவர் தலையில். 10 லட்சத்தில் 1 சதவீதமாகத் தொடங்கி, நியூயார்க் நகரில் 2019 முதல் படிப்படியாக 3.9 வரை ஏறுகிறது. 50 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவே 2.25 சதவீதம். அதாவது உங்கள் அக்காவுக்கு 1,35,000 டாலர். முழு விலைக்கும் அந்தச் சதவீதம் பொருந்தும் என்பதால் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே பேசி முடிக்க முடிந்தால் 1.5 சதவீதத்தோடு போகும். மாறாக, வருடாந்திரச் சொத்து வரி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும். ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகளுக்கு மதிப்பீட்டை ஒரு வருடத்தில் 6 சதவீதத்துக்கும் ஐந்து வருடத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஆனால் கட்டுமானத்தால் கூடிய மதிப்புக்கு இந்த வரம்பு கிடையாது. இப்போதுதான் வேலை முடிந்த வீட்டில், விளம்பரத்தில் காட்டும் வரி பழைய பில்லாக இருக்கலாம்.

அப்பாவின் வாஸ்துவுக்கு: பார்க் ஸ்லோப்பின் எண் தெருக்கள் வடமேற்கு–தென்கிழக்காக ஓடுகின்றன. அதனால் வீட்டு வாசல் வடகிழக்கு அல்லது தென்மேற்கு பார்க்கும், நேர் திசை எதுவும் வராது. வடகிழக்கு வாசல் கிடைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். பின்தோட்டம் தென்மேற்காக அமைந்து மதிய வெயில் கிடைக்கும், செடி வைப்பவருக்கும் சந்தோஷம். குழந்தைகள் இருந்தால் எந்தப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வீடு வருகிறது என்பதை முகவரி வைத்துச் சரிபாருங்கள், பி.எஸ். 321 என்ற அரசுப் பள்ளியின் எல்லைக் கோடு முன்பு ஒருமுறை மாறியிருக்கிறது. ரயில், கடை, உணவகம் எதற்கும் குறைவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்து மனிதர்கள் எதற்கும் கருத்துச் சொல்பவர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளட்டும். 2010-இல் பூங்கா ஓரத்தில் ஒரு சைக்கிள் பாதை போட்டதற்கு வருடக்கணக்கில் வழக்கு நடந்த ஊர்.

சரி, வாங்கலாமா? என் அபிப்பிராயம் இது. பார்லர் தளத்துப் பூச்சு வேலை, தள்ளுகதவு, படிக்கட்டுக் கைப்பிடி, ஓரங்களில் வால்நட் பட்டை பதித்த மரத்தரை இவற்றை வைத்துக்கொண்டு, குழாய், வயரிங், கூரை, உத்தரம் இவற்றை மாற்றியிருந்தால் 60 லட்சத்தைப் பற்றிப் பேச உட்காரலாம். பழையதையெல்லாம் எடுத்துவிட்டு நாலு சுவருக்குள் வெள்ளை அபார்ட்மென்ட் ஒன்றைச் செருகியிருந்தால், முகப்புக்கும் பூங்காவுக்கும் விலை கொடுங்கள், உள்ளே போட்ட இத்தாலியப் பளிங்குக்குக் கொடுக்காதீர்கள். பத்து வருடத்தில் அந்தச் சமையலறை பழசாகிவிடும், அப்போது இன்னொருவர் வந்து உடைப்பார். அக்காவுக்கும் மாமாவுக்கும் பொறுமையும் இரண்டு வருட வாடகைக்குப் பணமும் இருந்தால், அதே தெருவில் நாற்பது வருடமாக ஒரே குடும்பம் வைத்திருந்து விற்கும் புதுப்பிக்காத வீடு ஒன்றை நான் முதலில் தேடுவேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் புதுப்பித்த வீடே சரி.

விலை பேசுவதற்கு முன்னால் விற்பவரிடம் ஒரே ஒரு பொருள் கேளுங்கள்: சுவர்களை மூடுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்கள். உத்தரங்கள், இரும்பு பீம், குழாய், வயர் எல்லாம் தெரியும்படி, தளவாரியாக. ஒழுங்காக வேலை செய்யும் கான்ட்ராக்டர் எவரும் அதை எடுத்து வைக்காமல் பலகை அடிக்க மாட்டார், ஏனென்றால் பின்னால் ஏதாவது கசிந்தால் எங்கே உடைப்பது என்று அவருக்கே தெரிய வேண்டும். கொடுத்தால், அக்கா தானே அமர்த்தும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டட்டும். தரகர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். இல்லை என்று சொன்னால், செல்லார் மேற்கூரையிலும் மூன்றாம் தளத்திலும் சுவரில் சின்னத் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். 60 லட்சத்துக்கு விற்கிறவர் ஒரு துளைக்குச் சம்மதிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம்.